சுன்னிவா படகின் மீன் கணக்கு

அக்டோபர் 9, திங்கள்

காருக்குக் குளிர்காலச் சக்கரம் மாற்ற வேண்டும். போன வருஷமும் இதே தேதியில் இதையே எழுதியிருக்கிறேன். மாற்றியது நவம்பரில்.

இன்று ஏழாம் வகுப்பின் இணையப் பாடத்தில், அவரவர் வீட்டிலிருந்து சேரும் பிள்ளைகளின் எட்டுக் கட்டத்தில் ஏழு முகம். எட்டாவது கட்டம் கறுப்பு. சுன்னிவா. மூன்று வாரமாக இப்படித்தான். கேமரா இல்லை, குரல் இல்லை. கேள்வி கேட்டால் ஒரு நிமிஷம் கழித்து "நெட் சரியில்லை" என்று தட்டச்சில் ஒரு வரி வருகிறது. நெட் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லாங்வேர் தீவில் இப்போது அவள் ஒருத்திதான் குழந்தை. பிள்ளைகள் இருந்த இன்னொரு குடும்பமும் நகரத்துக்குப் போனதும் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து, துறைமுகத்துப் பள்ளியில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடம் பின்னக் கணக்குப் படிக்க வேண்டும். அம்மா தூருன் காலை ஆறு மணிக்கே சால்மன் பண்ணைக்குப் போய்விடுவாள்.

ஒரே ஆறுதல்: ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் படகில் ஒரு ஆசிரியரை அங்கே அனுப்ப ஊராட்சி கொள்கையளவில் ஒத்துக்கொண்டிருக்கிறது, கல்விக் குழுவின் முடிவுதான் பாக்கி. செப்டம்பர் முழுக்க மனு எழுதிக் கை வலித்தது. அதுவரை இந்தப் பெண்ணை எப்படியாவது பிடித்து வைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

விளையாட்டு! ஏன் இதுவரை தோன்றவில்லை?

ஒவ்வொரு பிள்ளைக்கும் திரையில் ஒரு படகு. ஒரு கணக்கு சரியாகப் போட்டால் வலையில் ஒரு மீன். தப்பாகப் போட்டால் மீன் நழுவிவிடும், மறுபடி வலை போடலாம். வாரக் கடைசியில் எல்லாப் படகும் கரைக்கு வரும். தயாராகக் கிடைக்கிற மென்பொருள்தான், படங்களை மட்டும் நான் மாற்றினேன். உள்ளே நுழையக் கடவுச்சொல்கூட வேண்டாம், நாலு படத்தை வரிசையாகத் தொட்டால் போதும். நண்டு, நங்கூரம், நாய், நிலா — இப்படி.

டாக்னியிடம் காட்டினேன். தலைமையாசிரியை என்றாலும் எனக்கு அவள் டாக்னிதான், பத்தொன்பது வருஷமாக. எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினாள். "யார் முன்னால், யார் பின்னால்" என்று பெயர்ப் பட்டியல் காட்டும் இடம் வந்ததும் முகம் சுளித்தாள்.

"இதை மட்டும் எடுத்துடு ஹெர்டிஸ். ஏழாவது வரைக்கும் நாம மார்க்கே போடறதில்ல. நம்ம ஊர்ல ஒரு பிள்ளையை முதல்ல நிக்க வெச்சா அது வெக்கத்துல அழும்."

"நீ கிழவி ஆயிட்ட. இப்ப உள்ள பிள்ளைங்க பிறந்ததுலேர்ந்து வீடியோ கேம்ல இதைத்தான் பார்க்கறாங்க" என்றேன்.

எடுக்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

எஸ்கில் கத்தின கத்தலில் ஒலிபெருக்கி கிழிந்திருக்கும். "எனக்குப் பெரிய காட் மீன்! பாருங்க, காட்!" மணி அடித்த பிறகும் ஐந்து பேர் வெளியே போகவில்லை. பின்னக் கணக்குக்காக! இருபத்திரண்டு வருஷ வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சுன்னிவா: 0.

அக்டோபர் 31, செவ்வாய்

எஸ்கில் 64. திரீனே 58. மற்றவர்கள் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள். சுன்னிவா: 0. பட்டியலின் அடியில் அவள் பெயர். காலையில் எல்லாரும் உள்ளே வந்ததும் முதலில் திறப்பது அந்தப் பக்கம்தான். பொறுமை, ஹெர்டிஸ்.

நவம்பர் 3, வெள்ளி

பதினொன்று!! சுன்னிவாவின் படகில் பதினொரு மீன்! ஆசிரியர் அறையில் தனியாக நின்று கைதட்டினேன். துப்புரவுக்கு வந்தவர் பயந்துவிட்டார்.

நவம்பர் 10, வெள்ளி

சுன்னிவா 39. வெள்ளிக்கிழமை மதியம் பெற்றோர் கைபேசிக்குத் தானாகச் செய்தி போகிறது: இந்த வாரம் உங்கள் குழந்தை இத்தனை மீன் பிடித்தது. மூன்று மணிக்குத் தூருன் அழைத்தாள். அதிகம் பேசாதவள்.

"பன் சுட்டேன். இலவங்கப்பட்டை போட்டு. அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். சும்மா... சொல்லணும்னு தோணிச்சு" என்றாள்.

கேமரா மட்டும் இன்னும் கறுப்பு. இருக்கட்டும். பேசப் பிடிக்காத குழந்தைகள் உண்டு.

நவம்பர் 21, செவ்வாய்

ஒரு வேடிக்கை. எஸ்கிலும் திரீனேயும் வேகம் குறைந்துவிட்டார்கள். எட்டுப் படகும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்கின்றன — 110, 112, 109, 111. எல்லாரையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 28, செவ்வாய்

டாக்னி வீட்டில் காப்பி. வாய் நிறையப் பெருமை பேசினேன். சுன்னிவாவின் வரைபடத்தைக் காட்டினேன். பூஜ்யத்திலிருந்து ஏறும் கோடு. டாக்னி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. பிள்ளைங்ககிட்ட, வெளியில யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றேன்.

"பேப்பர்ல ஏறாது. என்னைத் தெரியாதா உனக்கு?" என்றாள்.

டிசம்பர் 6, புதன்

கல்விக் குழுக் கூட்டத்துக்கான தாள்கள் இன்று இணையத்தில். ஏழாவது விஷயம்: லாங்வேருக்குப் படகு ஆசிரியர். பரிந்துரை: தேவையில்லை. காரணம்: "மாணவி இணையவழி விளையாட்டு முறையில் வகுப்பின் மற்றவர்களுக்கு இணையாக முன்னேறியுள்ளார். பார்க்க, இணைப்பு 3."

இணைப்பு 3 என்னுடைய கோடு. என் ஏறும் கோடு.

கையெழுத்து: டாக்னி.

டிசம்பர் 7, வியாழன்

டாக்னியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். அவள் ரொட்டியில் பழுப்புச் சீஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி?"

"உக்காரு."

"உக்கார வரல. ஏன்?"

"கூடுதலா எனக்கு ஒரு டீச்சர்தான் இருக்காங்க ஹெர்டிஸ். கேக்கறது மூணு இடம். அந்த ரெண்டாம் வகுப்புப் பையனைப் பத்தி உனக்குத் தெரியும், அவனுக்குப் பேச்சே வரல. உன் பொண்ணு நல்லா பண்றா. நீதானே சொன்ன? நீதானே காட்டின?"

"பேப்பர்ல ஏறாதுன்னு சொன்ன."

"சொன்னேன்." சீஸை நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள். "உன்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னிருப்ப."

அவ்வளவுதான். மன்னிப்புக்கூட இல்லை.

முல்தே காட்டுப்பழம் கிடைக்கும் சதுப்பை இங்கே யாரும் யாருக்கும் காட்டுவதில்லை; என்னுடையது எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். என் அண்ணனுக்கே சொன்னதில்லை, அவன் கேட்டு அலுத்துவிட்டான். டாக்னிக்குக் காட்டினேன். வாளி கொடுத்து, ரப்பர் பூட்ஸ் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பேர்ப்பட்ட நம்பிக்கை! முட்டாள். முட்டாள் முட்டாள். எழுத்தே கோணலா வருது.

டிசம்பர் 14, வியாழன்

ஒரு விஷயம். எழுதப் பயமாக இருக்கிறது.

நேற்று புயல். தூருன் இன்று காலை அழைத்துச் சொன்னாள்: "நேத்து ஏழு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தீவுல கரண்ட் இல்ல. டவரும் போயிடுச்சு. சுன்னிவா வகுப்புக்கு வரல, மன்னிச்சுக்குங்க."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் பட்டியலைத் திறந்தேன்.

சுன்னிவா. நேற்று, காலை பதினொன்று இருபதுக்கு: 9 மீன்.

டிசம்பர் 15, வெள்ளி

கேட்டேன். சுன்னிவா உள்ளே வருவதற்கு முன்னால், மற்ற ஏழு பேரையும் முன்கூட்டியே வரச் சொல்லிக் கேட்டேன். "புதன்கிழமை சுன்னிவா படகுல மீன் பிடிச்சது யாரு?"

ஏழு முகமும் கீழே பார்த்தன. பிறகு எஸ்கில் வாயைத் திறந்தான்.

"புதன் என்னோட நாளு."

"உன்னோட நாளா?"

"திங்கள் திரீனே. செவ்வாய் ரெட்டைப் பசங்க. புதன் நான். அப்படிப் பிரிச்சுக்கிட்டோம். அவ நாலு படம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும், நீங்கதான் முதல் நாள் திரையில காட்டினீங்களே."

"எப்பலேர்ந்து?"

"நவம்பர்லேர்ந்து." அவனுக்குக் குரல் உடைகிற வயது, உடைந்தது. "தினமும் அவ பேரு அடியில இருந்துச்சு, பூஜ்யம் பூஜ்யம்னு. பார்க்கவே நல்லாயில்ல. இது டுக்னாட் மாதிரிதான், ஹெர்டிஸ். எல்லார் வேலிக்கும் பெயிண்ட் அடிச்சிட்டு ஒரு வீட்டு வேலிய மட்டும் விட்டுட்டுப் போவாங்களா?"

டுக்னாட், ஊர்ப் பொதுவேலை. ஒவ்வொரு மே மாதமும் ஊரே சேர்ந்து துடைத்து, பெருக்கி, பெயிண்ட் அடிக்கிறது. வர முடியாதவரின் பங்கை மற்றவர்கள் செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் காப்பி குடிக்கப் போகிறார்கள். பேசினால்தான் அசிங்கம். இதே பிள்ளைகளின் கையில் தூரிகை கொடுத்து இதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் வேகம் குறைச்சது?"

திரீனே சொன்னாள்: "அவளுக்கும் சேர்த்துப் போடணும்ல. நேரம் வேணாமா?"

டிசம்பர் 16, சனி

கோபம் போகவில்லை. நல்ல மனசோடு செய்தார்கள், சரி. ஆனால் ஆறு வாரம் ஏழு முகமும் என் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லின. நான் கைதட்டினபோது அவர்களும் கைதட்டினார்கள். "பாருங்க, சுன்னிவா எவ்வளவு முயற்சி பண்றா" என்று நான் பிரசங்கம் செய்தபோது எஸ்கில் தலையாட்டினான். என்னை வைத்து நாடகம் நடந்திருக்கிறது, நான் ஒருத்திதான் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்னி என்னை ஏமாற்றினாள். பிள்ளைகள் ஏமாற்றினார்கள். என்னை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா?

அப்புறம் இன்னொன்று. அந்தப் பட்டியலை வைத்தது யார்? ஒரு பன்னிரண்டு வயசுப் பெண்ணின் பெயருக்கு எதிரே தினம் காலையில் பூஜ்யம் போட்டு, எல்லாருக்கும் காட்டினது யார்? எடு என்று டாக்னி சொன்னாளே.

டிசம்பர் 18, திங்கள்

வகுப்பு முடிந்ததும் சுன்னிவாவை மட்டும் இருக்கச் சொன்னேன். கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் பேசினேன். யாரோ உன் படகில் மீன் போடுகிறார்கள், உனக்குத் தெரியுமா?

பிறகு தட்டச்சில்:

"தெரியும்."

"கணக்குப் புரியலையா?"

"செப்டம்பர்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

தட்டச்சில் வந்தது: "அம்மா வெள்ளிக்கிழமை பன் சுடறா."

அப்புறம்: "அம்மாகிட்ட சொல்லாதீங்க. ப்ளீஸ். யார்கிட்டயும்."

"சொல்ல மாட்டேன்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். அந்த நிமிஷத்தில் வேறு எதையும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

டிசம்பர் 22, வெள்ளி

விடுமுறை தொடங்கியது. வெள்ளிக்கிழமைச் செய்தியை நிறுத்த மறந்துவிட்டேன். போயிருக்கும். பன்னும் சுட்டிருப்பாள்.

ஜனவரி 8, திங்கள்

பதினைந்தாம் தேதி குழு முடிவெடுக்கிறது. அதற்குப் பிறகு அடுத்த பள்ளி ஆண்டு வரை யாரும் அந்த விஷயத்தைத் தொடமாட்டார்கள்.

கணக்கு எளிது. உண்மையைச் சொன்னால் சுன்னிவாவுக்கு ஆசிரியர் வரலாம். சொல்லாவிட்டால் அவள் அந்தச் சமையலறையில், அந்த நிறைந்த படகோடு, இன்னும் ஒரு வருஷம்.

டாக்னியிடம் சொன்னேன். முகம் வெளுத்தது. "அப்ப உன் விளையாட்டு மொத்தமும் பொய்யா?"

"சுன்னிவா படகு பொய்."

"ஒண்ணு பொய்னா எல்லாம் பொய்தான்னு சொல்வாங்க. உன் பேர்தான் கெடும்." பிறகு தணிந்த குரலில், "அந்தப் பொண்ணு பேரும்" என்றாள்.

அவள் சொல்வது சரி என்பதுதான் எரிச்சல்.

ஜனவரி 14, ஞாயிறு

குழுவுக்குக் கடிதம் எழுதி முடித்தேன். ஒரு பக்கம். மற்றப் பிள்ளைகள் பெயர் இல்லை. பட்டியலை வைத்தது என் தவறு என்று முதல் வரியிலேயே.

குழுவின் தாள் வழியாகத் தெரிவதற்கு முன் தூருனுக்கு நானே சொல்ல வேண்டும் என்று அழைத்தேன். முழுக்கக் கேட்டாள்.

"ஒரு மீன்கூட அவ பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதிர்ல உக்காந்து ரெண்டு பன் தின்னா. இன்னொண்ணு எடுத்துக்கோன்னு நான்..." நிறுத்தினாள். "செய்தி உங்க பேர்லதானே வந்துச்சு. நான் உங்களை நம்பினேன்."

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சுன்னிவாவிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாள், அதனால் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, டாக்னியும் என்னிடம் இதையேதான் சொன்னாள்.

ஜனவரி 15, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

இன்று திரையில் ஏழு கட்டம். கறுப்புக் கட்டம்கூட இல்லை. ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து ஒரு வரி: "சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க."

எஸ்கில் கேமராவைப் பார்க்கவே இல்லை. கடைசியில் திரீனே கேட்டாள்: "எங்ககிட்ட கேட்டது குழுகிட்ட போய்ச் சொல்லத்தானா?"

பாவி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

முடிவு வந்தது. வாரம் இரண்டு நாள் கேட்டோம், ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய். அனுப்ப ஆள் இல்லை என்பதால் "கோரிக்கை விடுத்த ஆசிரியரே" போக வேண்டும். அது நான்தான். மற்ற ஏழு பேருக்கும் செவ்வாயன்று டாக்னி கணக்கு எடுப்பாள்.

விளையாட்டை மூடினேன். "எட்டுப் படகுகளையும் அழிக்கவா?" என்று மென்பொருள் கேட்டது. ஆம்.

டாக்னி தாழ்வாரத்தில் எதிரே வந்தாள். "குளிருக்கு நல்ல கோட்டு வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றேன். நாங்கள் இனி கோட்டு, குளிர் பற்றித்தான் பேசுவோம் போலிருக்கிறது.

பிப்ரவரி 13, செவ்வாய்

முதல் பயணம். ஐம்பது நிமிஷம், இரண்டு முறை வாந்தி. தூருன் வேலைக்குப் போய்விட்டாள், கதவு திறந்திருந்தது. சுன்னிவா மாடியில் தன் அறைக்குள் பூட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அதேபோல். மாடியில் நடக்கும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 27, செவ்வாய்

காற்று. படகு இல்லை. படகு இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக நாள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

இறங்கி வந்தாள். வளர்ந்திருக்கிறாள், திரையில் அது தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் ரொட்டியும் மீன் பேஸ்ட்டும் எடுத்துக்கொண்டு ஏறிப் போனாள். நான் "ஹாய்" என்றேன். கதவுக்குச் சொன்னது மாதிரி ஆயிற்று.

மார்ச் 12, செவ்வாய்

கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு முதுகு காட்டி. நான் பின்னம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ரொட்டியைக் குறுக்கே வெட்டி, பிறகு மறுபடி வெட்டினாள். கால் பாகம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஈஸ்டருக்கு முன் கடைசிப் பயணம். புறப்படும்போது தூருன் படகுத்துறைக்கு வந்தாள், பண்ணையில் அரை நாள் விடுப்பு. "நீங்க வர்றதை நிறுத்திடுவீங்கன்னு அவ என்கிட்ட பந்தயம் கட்டினா" என்றாள்.

"நீங்க?"

"நான் கட்டல. எனக்கும் தெரியல" என்றாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் ஆசிரியர் அறையில் எஸ்கிலின் பென்சில் பெட்டியைக் கண்டேன். பிள்ளைகள் போன வாரம் நேரில் வந்திருந்தார்கள், மறந்து வைத்திருக்கிறான். அவன் இன்னும் என்னிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறான்.

லாங்வேரில் வெயில். நான் உள்ளே போனபோது சுன்னிவா மேசையில் இருந்தாள். முதுகைக் காட்டாமல்.

"நீங்க சத்தியம் பண்ணீங்க."

"ஆமா."

"அப்புறம் சொன்னீங்க."

"ஆமா."

"அம்மா இப்ப பன்னே சுடறதில்ல. நான்தான் வேண்டாம்னேன்." ஆள்காட்டி விரலால் மேசையைக் கீறிக்கொண்டே இருந்தாள். "என்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல. அது தப்பு."

காரணம் சொல்ல ஆயிரம் இருந்தது. உனக்காகத்தான், உன் நல்லதுக்குத்தான். டாக்னி என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அந்தச் சீஸ் கத்தியை எடுத்திருப்பேன். சும்மா இருந்தேன்.

"எனக்கு இன்னும் கோவம்."

"சரி."

"ரொம்ப நாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, எதையோ விலைக்குக் கேட்பவள் மாதிரி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "கோவமாவே கணக்குப் போடலாமா?"

ஏப்ரல் 16, செவ்வாய்

தாளில் பன்னிரண்டு கணக்கு. பென்சில் இரண்டு முறை முனை உடைந்தது. என்னோடு பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

ஐந்து சரி, ஏழு தப்பு. திருத்தும்போது ஒவ்வொரு தப்பும் எங்கே நடந்தது என்று தெரிந்தது. நாலில் கீழ் எண்ணையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறாள், மூன்றில் சுருக்க மறந்திருக்கிறாள். செப்டம்பரில் எந்த இடத்தில் அவள் கையை விட்டேனோ, அதே இடம். தாளைப் பையில் வைத்துக்கொண்டு படகேறினேன். வழியெல்லாம் மடித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பன்னிரண்டும் அவளே போட்டது.